துளை சொல்லும் வயது: கல்லடியிலிருந்து அறுகம்பை வரை

வெள்ளிக்கிழமை, கல்லடி

கார்னீலியன் என்ற சிவப்புக் கல்லில் செய்த சூதுபவள மணி ஒன்றைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் பார்ப்பது நிறத்தைத்தான். இரத்தச் சிவப்பென்றால் பழையது, வெளிர் செம்மஞ்சள் என்றால் புதியது என்று ஓர் எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நிறம் வயதைச் சொல்லாது, துளைதான் சொல்லும். இந்தப் பயணத்தில் போகிற இடமெல்லாம் நான் சொல்லப்போவது இதுதான் என்பதால் முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நகைப் பட்டறைச் சத்தத்துக்குள் வளர்ந்தவள் நான். அப்பாவுக்குப் பொன்னில்தான் கண். எனக்கோ சிறுவயதிலிருந்தே கல்லில். கிழக்கில் பழைய குடும்பங்களின் பெட்டகங்களில் சிவப்பு மணிச் சரடுகள் இன்னும் கிடக்கின்றன என்று தோழி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓகஸ்ட் மாதக் கச்சான் காற்று முகத்தில் அறைய மட்டக்களப்பில் வந்து இறங்கிவிட்டேன். பையில் பத்து மடங்கு உருப்பெருக்கி, விரல் நீள டோர்ச், மில்லிமீற்றர் அளவுகோல், வெள்ளைத் தாள். மணி பார்க்க வேறொன்றும் பெரிதாகத் தேவையில்லை.

கல்லடிப் பாலத்துக்கு அப்பால் தோழியின் வீடு. அவளுடைய அம்மாதான் சரட்டை எடுத்துவந்தார். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்வழியாக இறங்குகின்றன. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஆகவே நகையின் வரலாற்றையும் பெண்களிடம் கேட்பதே முறை.

"யார் போட்டது மாமி?"

"எங்கள் பெத்தாவின் தாயார் போட்டது, மகள். இந்த வளவு எனக்கு வந்தபோது இதுவும் வந்தது. இடையில் இருந்த பொன்மணிகளை ஒரு கஷ்ட காலத்தில் விற்றுவிட்டோம். சிவப்பை யார் வாங்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்."

பெத்தா என்றால் இங்கே பாட்டி. சிவப்பை விட்டது நல்லதாயிற்று. வெள்ளைத் தாளில் சரட்டைப் பரப்பி, சாளர வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். நடுவில் இருந்த நீள மணி, விரலின் மேற்கணு அளவு, ஆறு பட்டை, இரு முனையும் ஒடுங்கிய வடிவம். பட்டைகள் சேரும் ஓரங்கள் கூராக இல்லாமல் மென்மையாக மழுங்கியிருந்தன. முனைகளில் துளையைச் சுற்றி ஒரு சிறு பள்ளம்: துளையிடும் கருவியான துரப்பணம் வழுக்காமல் நிற்பதற்காக முதலில் கொத்திவிடும் பள்ளம் அது. உள்ளே டோர்ச் ஒளியைச் செலுத்தியபோது சுவர் முழுவதும் நெருக்கமான வளைய வரிகள் தெரிந்தன. வைரத் துணுக்கு பதித்த முனை சுழன்றால்தான் இப்படி வரி விழும். நடுவில் ஓரிடத்தில் துளை ஒரு மயிரிழை விலகி ஒரு படி வைத்திருந்தது. இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவே சந்தித்த இடம் அது. ஒரே பக்கமிருந்து துளைத்தால் மறுபக்கம் வெளியேறும்போது கல் சில்லாகப் பெயர்ந்துவிடும். கைத்தொழிலாளி அதற்குப் பயந்தே கல்லைத் திருப்பிப் பிடிக்கிறான்.

இவை செய்த முறையைச் சொன்னன. அணிந்த காலத்தைச் சொன்னது துளையின் வாய். நூல் எப்போதும் ஒரே பக்கம் இழுபட்டு அங்கே ஒரு வழுவழுப்பான வாய்க்காலை அரித்திருந்தது. பக்கத்து மணியோடு உரசிய முகம் தட்டையாகித் தேய்ந்திருந்தது. சூதுபவளத்தின் கடினம், பத்து வரை போகும் மோஸ் அளவையில் ஏறக்குறைய 7. இரும்புக் கத்தியால் கீறினாலும் கீறு விழாத கல். வெறும் நூலும் வியர்வையும் தூசியும் அதை அரிக்கவேண்டும் என்றால் ஒரு பெண்ணின் ஆயுள் போதாது, அடுத்தடுத்துப் பல கழுத்துகள் வேண்டும். இந்தத் தேய்மானத்தைச் சந்தையில் போலியாகச் செய்வதுதான் மிகக் கடினம்.

பட்டையின் ஒழுங்கையும் மெருகையும் சேர்த்துப் பார்த்தால் இது குஜராத்தின் கம்பாத்தில் செய்த மணி, கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் வந்தது என்றே மாமியிடம் சொன்னேன். ஆயிரம் ஆண்டு என்று சொல்வேன் என எதிர்பார்த்திருந்தார் போலும். ஆனால் பெத்தாவின் தாயார் காலத்தோடு இது அப்படியே பொருந்துகிறது என்றதும் முகம் மலர்ந்தது.

சரட்டின் ஓரத்தில் ஒன்று மட்டும் வேறு. நிறம் அதிகச் சீர், ஒளியில் பிடித்தால் உள்ளே ஊசிமுனைக் குமிழிகள், பக்கவாட்டில் அச்சுத் தையலின் மெல்லிய கோடு. கண்ணாடி. ஐரோப்பாவில் பொஹீமியப் பகுதியில் சூதுபவளம் போலவே அச்சில் வார்த்த கண்ணாடி மணிகள் 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் ஏராளமாக ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போயின. அந்த வகைதான் இதுவும்.

"கண்ணாடியா? அப்போ கழற்றிவிடட்டுமா?"

"வேண்டாம் மாமி. அதுவும் சரட்டின் வரலாறுதான்."

"சரி, பெத்தா கோத்த இடத்திலேயே இருக்கட்டும்" என்று முடிச்சை இறுக்கினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டும் எருமைத்தயிரும். எருமைத்தயிருக்கு மட்டக்களப்பை விட்டால் வேறு ஊர் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை, கதிரவெளி

திருகோணமலை வீதி பஸ். வாழைச்சேனை, ஓட்டமாவடி, காயான்கேணி, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை. வலப்பக்கம் கடல் வருவதும் மறைவதுமாக வழி முழுவதும் அழகு. அதைப் பலர் எழுதிவிட்டார்கள்.

கதிரவெளி பெருங்கற்காலப் புதைகுழிகளுக்காக அறியப்பட்ட ஊர். நிலத்தில் பலகைக் கற்களை நிறுத்தி, பெட்டி போல் அடைத்து, இறந்தவரின் எச்சங்களை வைத்து மூடும் கற்பதுக்கை மரபு இது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒரே குடும்பத்துக் கைவண்ணம் போலத் தெரியும். தம்புள்ளைக்குப் பக்கத்து இப்பன்கட்டுவையில் இவ்வகைக் கல்லறைகளை அகழ்ந்தபோது மட்பாண்டங்களோடு சூதுபவள மணிகளும் கிடைத்தன. யாழ்ப்பாணத்தின் கந்தரோடையிலும் மன்னாரின் மாந்தையிலும் சூதுபவளம் கிடைத்திருக்கிறது.

வெளிநாட்டுக் கல் நம் நாட்டுக் கல்லறைக்குள் எப்படி வந்தது? இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. சூதுபவளமும் அதன் இனக் கல்லான அகேட்டும் பெரும்பாலும் பிறப்பது எரிமலைக் குழம்பு இறுகியபோது அதற்குள் அடைபட்ட வாயுக் குமிழிகளில். சிலிக்கா கரைந்த நீர் அந்தக் குழிகளில் படலம் படலமாகப் படிந்து கல்லாகிறது. தக்காணத்தைப் போர்த்தியிருக்கும் எரிமலைப் பாறை, ஏறத்தாழ 660 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கொட்டிய குழம்பு. அது சிதைந்து அடித்துவரப்பட்டு, நர்மதையின் கீழ்ப்பகுதியில், பரூச்சுக்கு அருகே ரத்தன்பூரில் சரளைப் படுகைகளாகக் கிடக்கிறது. கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுச் சரளைகளிலும் இந்தக் கல் உருண்டு வருகிறது. ஆக, பெருங்கற்காலச் சூதுபவள மணி ஒன்று நம் கரையில் கிடைத்தால் அது கடல் தாண்டி வந்தது என்று அடித்துச் சொல்லலாம்.

ஆனால் கல் பிறந்த ஊரும் மணி பிறந்த ஊரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் சூதுபவளம் விளையாது. இருந்தும் அங்கே உடைத்த சில்லுகள், பாதி தீட்டிய மணிகள், துளைக்கும்போது பிளந்தவை எல்லாம் கிடைத்திருக்கின்றன. கழிவு கிடக்கும் இடம்தான் பட்டறை. முடிந்த மணி எங்கும் போகும். சில்லை யாரும் சுமந்து திரியமாட்டார்கள். கல்லின் ஊரைக் கண்டுபிடிக்க இன்று வேறு வழி உண்டு. லேசர் கற்றையால் கண்ணுக்குத் தெரியாத அளவு துகளைப் பெயர்த்து, அதிலுள்ள நுண்தனிமங்களை அளந்து, சுரங்கக் கல்லோடு ஒப்பிடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் காவோ நகரத்து அகழ்வில் கிடைத்த மணிகளைக்கூட இப்படி ரத்தன்பூர்க் கல்லோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

வழியில் மாடு சாய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று விசாரித்தார். "புதையல் தேடியா பிள்ளை வந்தீர்கள்?"

"இல்லை ஐயா, கல்லைப் பார்க்க."

"பார்த்துவிட்டுப் போனால் சரி. இரவில் வந்து கிண்டுகிறவர்களால்தான் எங்களுக்குத் தொல்லை."

அவர் சொன்னது நெஞ்சைச் சுட்டது. பொன்னைத் தேடிக் கிண்டுகிறவன் மணியைக் கண்டால் ஒரு விலை வைத்து விற்றுவிடுகிறான். அந்த மணி கழுத்தெலும்புப் பக்கம் கிடந்ததா, கைப்பக்கம் கிடந்ததா, அருகில் இருந்தது கறுப்பு-சிவப்பு மட்பாண்டமா, அதற்கு மேலான படையில் கிடந்ததா என்பதெல்லாம் அந்த ஒரு இரவோடு போய்விடும். கொடுமணல் காலத்து மணியிலும் வைரத் துரப்பண வரி உண்டு, நேற்றுக் கம்பாத்தில் செய்ததிலும் உண்டு. துளை தொழில்நுட்பத்தைச் சொல்லும். அதை நூற்றாண்டுக் கணக்குக்குள் அடக்குவது மண். மண்ணை இழந்த மணிக்கு எந்த நிபுணரும் முழு வயதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எனக்கு இந்தத் துறையில் ஆறாத கோபம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, காத்தான்குடி

பேரீச்சை மரங்கள் நிற்கும் பிரதான வீதியைத் தாண்டி உள்ளே போனால் மோதிரக் கடைகள். அகீக், அதாவது அகேட்டும் சூதுபவளமும் பதித்த மோதிரத்துக்கு இங்கே நல்ல மதிப்பு. கடைக்கார நானா தட்டைத் தட்டாக எடுத்துவைத்தார், அலுத்துக்கொள்ளவே இல்லை. அவற்றில் பல சாயமேற்றிய அகேட். இதில் குற்றம் ஒன்றும் இல்லை, அவரும் அப்படித்தான் சொல்லி விற்கிறார். அகேட் நுண்துளை உள்ள கல்; இரும்பு உப்பில் ஊறவைத்துச் சுட்டால் சிவக்கும். ஒளிக்கு எதிரே பிடித்தால் சாயம் வெடிப்புகளிலும் சில படலங்களிலும் மட்டும் அடர்ந்து நிற்பது தெரியும். இயல்பான சூதுபவளத்தில் சிவப்பு மேகம் போல மங்கிப் பரவும்.

நான் வந்த காரணம் தெரிந்ததும் அவர் உள்ளே போய் ஒரு துணிப்பொதியைக் கொண்டுவந்தார். சூதுபவளத் தஸ்பீஹ், ஓதும்போது எண்ணும் மணிமாலை. "வாப்பாவின் வாப்பா ஹஜ்ஜுக்குக் கப்பலில் போனவர். மக்காவில் வாங்கிவந்தது. அதனால் அரபு நாட்டுக் கல் என்றே சொல்லுவோம்."

உருண்டை மணிகள். ஒரு அளவு போலத் தோன்றும், அளவுகோலை வைத்தால் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீற்றர் வித்தியாசம். கையால் தீட்டிய அடையாளம். உருப்பெருக்கியில் மேற்பரப்பு முழுவதும் மிகச்சிறிய பிறை வடிவத் தழும்புகள். ஓதும் விரல்களுக்கிடையே மணியோடு மணி தட்டித் தட்டி விழுந்தவை. துளை ஒடுக்கம், வளைய வரிகள் தெளிவு. கம்பாத் மணிகள் நூற்றாண்டுகளாக அரேபியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறியவை. ஹஜ் சந்தையில் வாங்கியது குஜராத்திக் கைவேலையாக இருப்பதில் வியப்பில்லை.

"நானா, கல் இந்தியாவில் பிறந்தது, மக்கா போனது, அங்கிருந்து காத்தான்குடி வந்தது."

"அப்போ ஹஜ் செய்த கல் என்று சொல்லுங்கள்" என்று அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிளேன்டீ வந்தது. கம்பாத் தொழில்முறையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார், சொன்னேன். ரத்தன்பூரில் தோண்டும் கல் பெரும்பாலும் மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருக்கும். வெயிலில் நெடுநாள் காயவைத்து, பிறகு மண்சட்டிகளில் அடுக்கி வறட்டித் தணலில் மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். மஞ்சளைத் தருவது நீர் கலந்த இரும்பு. சூட்டில் நீர் பிரிந்து அது சிவப்பு இரும்பாகிறது. ஒரு தடவையில் வேண்டிய சிவப்பு வராவிட்டால் மறுபடியும் சுடுவார்கள். ஆகவே நிறம் என்பது அடுப்பின் வேலை. நாலாயிரம் ஆண்டுக்கு முன்னும் இப்படித்தான், சென்ற மாதமும் இப்படித்தான்.

பிறகு உடைப்பது. நிலத்தில் ஊன்றிய கூரான இரும்பு முளையின் மேல் கல்லை வைத்து, எருமைக்கொம்புத் தலை வைத்த சுத்தியலால் மேலிருந்து தட்டுவார்கள். சுத்தியல் படும் பக்கத்தில் அல்ல, முளை தொடும் பக்கத்தில் சில்லுப் பெயரும். வில்லால் இழுத்துச் சுழற்றும் துரப்பணம். நுனியில் இரண்டு சின்னஞ்சிறு வைரத் துணுக்குகள். துளைக்குள் சொட்டுச்சொட்டாக நீர். மெருகுக்குப் பழைய நாளில் தோல்பை. மணிகளோடு அகேட் தூளும் நீரும் இட்டுக் கட்டி, இருவர் எதிரெதிரே இருந்து நாள்கணக்கில் உருட்டிக்கொண்டிருப்பார்கள். நேற்று முன்தினம் மாமியின் மணியில் மழுங்கிக் கிடந்த ஓரங்களுக்குக் காரணம் இந்த உருட்டல்தான்.

சிந்துவெளி மணி இதிலிருந்து எப்படி வேறுபடும் என்று நானாவின் மகள் கேட்டாள். உயர்தரத்தில் படிக்கிறாள், எடுத்த எடுப்பில் சரியான கேள்வி. அவர்களிடம் வைரத் துரப்பணம் இல்லை. எர்னஸ்டைட் என்று இன்று பெயரிட்டிருக்கும் ஒரு கடினமான கல்லைச் சூடேற்றி, அதிலிருந்தே துரப்பண முனை செய்தார்கள். சிந்துவெளி ஊரான சன்ஹுதாரோவில் அகழ்ந்த எர்னஸ்ட் மெக்கேயின் நினைவாகத் தொல்லியலாளர்கள் கெனோயரும் விடாலேயும் இட்ட பெயர் அது. கெனோயரின் செய்முறைச் சோதனையில் அந்த முனை ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர்தான் இறங்கியது. விரல் நீள மணி ஒன்றுக்கு எத்தனை நாள் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டுவிட்டு வாயில் கை வைத்தாள். அந்தத் துளையின் சுவர் வழவழப்பாக இருக்கும், படிப்படியாக ஒடுங்கும். வைரத்தின் வளைய வரி இருக்காது. ஆய்வுக்கூடத்தில் துளைக்குள் சிலிக்கோனை நிரப்பி அச்செடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். துளையின் உட்புறம் அப்படியே வெளியே வந்து கையில் நிற்கும்.

திங்கட்கிழமை, அறுகம்பை

கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். அம்பாறை மாவட்டத்துச் சிறுபோக வயல்களில் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. திருக்கோவிலில் இறங்கிச் சித்திரவேலாயுதரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்தேன்.

அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம். தெருவோரக் கடைகளில் சங்கு, தேங்காய்ச் சிரட்டை, வெள்ளிக் கொலுசுகளோடு "புராதன மணி" என்று எழுதித் தொங்கும் சிவப்புச் சரடுகள். ஒரு கடையில் நின்று எடுத்துப் பார்த்தேன். எல்லா மணிக்கும் ஒரே விட்டம், ஒரே சிவப்பு. துளை அம்பு போல் நேர், சுவர் முழுவதும் ஒரே சீரான மங்கல், வாய் கூர்மையாக விரலைக் கீறுகிறது. மீயொலி இயந்திரத்தில் துளைத்தவை. மேலே மட்டும் மண்நிறம் ஏற்றியிருந்தார்கள். நகத்தால் சுரண்ட, துளைக்குள் இருந்து அது பொடியாக உதிர்ந்தது. உண்மையில் புதைந்து கிடந்த மணியில் புதைவால் வரும் வெளுப்பு கல்லின் தோலிலேயே ஏறியிருக்கும், சுரண்டினால் வராது.

வெள்ளைக் கோலம் இட்ட மணிகளும் இருந்தன. இந்த வகைக்கு உண்மையான பழமை உண்டு. சோடா உப்பைச் செடிச்சாற்றில் குழைத்து மணியின் மேல் வரைந்து சுட்டால் கோடு கல்லுக்குள்ளேயே வெளுத்து இறங்கும். சிந்து மாகாணத்துச் சேவானில் இந்தத் தொழிலை நேரில் பார்த்து மெக்கே எழுதியது 1933இல். அதே ஆண்டில் மணி ஆய்வாளர் ஹொரேஸ் பெக் இவ்வகை மணிகளை மூன்று காலங்களாகப் பிரித்தார்: கி.மு. 2000க்கு முந்திய சிந்துவெளிக் காலம், கி.மு. 300 முதல் கி.பி. 200 வரை, கி.பி. 600 முதல் 1000 வரை. பழையதில் வெண்கோடு ஆங்காங்கே குழிந்து, அணிந்த பக்கத்தில் தேய்ந்திருக்கும். கடையில் இருந்ததில் கோடு முழுவதும் ஒரே தடிப்பு. சில மணிகளில் கோட்டின் விளிம்பு மேலே தூக்கி நின்றது. பூசிய வர்ணம்.

கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கலாம். "அக்கா, கொழும்பில் மொத்தமாக எடுப்பது. பழையது என்று சொல்லித்தான் தந்தார்கள்" என்றான், முகம் வாடிப்போயிற்று. உருப்பெருக்கியைக் கொடுத்து, அவன் மணியையும் நான் கொண்டுவந்த கம்பாத் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் பிடிபட்டுவிட்டது. பிறகு அவனே பெட்டியைக் கவிழ்த்துத் தேடி ஒன்றை நீட்டினான்: பட்டைகள் கண்ணாடியைப் போல் தட்டை, ஓரங்கள் கூர், எல்லாப் பக்கமும் ஒரே கோணம். இது வேறு பள்ளிக்கூடம். ஜேர்மனியின் இடார்-ஒபர்ஸ்டைனில் நீராற்றலால் சுழலும் பெரிய மணற்கல் சாணைகளில், தொழிலாளர்கள் குப்புறப் படுத்துக்கொண்டு தீட்டிய பாணி. உள்ளூர்க் கல் குறைந்தபின் 1830களிலிருந்து பிரேசில் அகேட்டை இறக்கிச் சாயமேற்றி உலகமெங்கும் அனுப்பினார்கள். அது எப்படி இந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது என்று அவனாலும் சொல்ல முடியவில்லை. அதைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னேன். "புராதன மணி" அட்டையைக் கழற்றி, பின்பக்கத்தில் "புதிய அகேட் மணி" என்று எழுதி மறுபடியும் தொங்கவிட்டான்.

கிளம்பும்போது, வயலில் உழும்போது மணி கிடைத்ததென்று யாராவது கொண்டுவந்தால் வாங்கலாமா என்று கேட்டான். வாங்கக் கூடாது என்று திடமாகச் சொன்னேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள். நிலத்திலிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது. அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. சட்டத்துக்குப் பயப்படாதவரும் கதிரவெளிப் பெரியவர் சொன்னதை நினைத்தாவது கை வைக்காமல் இருக்கவேண்டும். கிடைத்த இடத்தை அடையாளம் வைத்து, மேற்கொண்டு தோண்டாமல், தொல்பொருள் திணைக்களத்துக்கோ வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ தெரிவித்தால் அந்த மணியோடு சேர்த்து அதன் ஊரும் வரலாற்றில் ஏறும்.

இதைப் படிக்கும் கிழக்கு மாகாணத்துச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பரம்பரைச் சரடு இருந்தால் கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், நூலை மாற்றுமுன் கோத்த வரிசையைப் படம் எடுங்கள். ஒவ்வொரு மணியையும் அளவுகோலின் அருகே வைத்து, இரண்டு முனைகளையும், துளைக்குள் பக்கவாட்டாக ஒளி விழும்படியும் படம் எடுத்து அனுப்புங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஊர் என்பதையும் எழுதுங்கள். நான் அவற்றைத் துளை வகைப்படி ஒரு பதிவேடாகத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். கல்லடி மாமியின் சரடு அதில் முதலாவது, காத்தான்குடித் தஸ்பீஹ் இரண்டாவது. நாளைக் காலை பொத்துவிலில் ஓர் ஆசிரியை வீட்டில் மூன்றாவது சரட்டைப் பார்க்கப் போகிறேன்.